திரையில் தோன்றும் எச்சரிக்கையும் நமது விரலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஊர்ப் பொதுக் கட்டடத்தின் திண்ணையில், ஒரே ஒரு குழல் விளக்கின் அடியில், 14 பிள்ளைகளுடன் தொடங்கப்பெற்ற மாலைப் படிப்பகம் இன்று 25-ஆம் ஆண்டினைக் காண்கின்றது. அன்று அத்திண்ணையில் அமர்ந்து படித்தவர்கள் இன்று ஆசிரியராகவும் செவிலியராகவும் அரசு அலுவலராகவும் இந்த அவையில் அமர்ந்திருக்கக் காண்கின்றேன். இந்நன்னாளில் 'கல்வியின் மேன்மை' பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியின் மேன்மையை நான் கூறித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆகவே, அவர்தம் இசைவைப் பெற்று, பார்வைக்குச் சிறியதாயினும் நம் குடும்பங்களின் கைப்பொருளைக் காக்கக்கூடிய செய்தி ஒன்றைப் பேச வந்துள்ளேன்.

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் நாம் ஏதேனும் செய்துகொண்டிருக்கும்போது, 'இது பாதுகாப்பானது அன்று. மேலே செல்ல வேண்டாம்' என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றுகின்றது. நாமோ அதைப் படியாமலேயே தள்ளிவிட்டு மேலே செல்கின்றோம். ஏன் அவ்வாறு செய்கின்றோம்? இதுவே என் பொருள்.

நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். வரலாறு பயின்று, பி.எட். முடித்து, ஆசிரியப் பணிக்கு வந்தவன். பள்ளியில் பயின்ற காலத்தில் கணிப்பொறியைக் கண்ணால் கண்டதும் இல்லை. ஆயினும் இதைப் பற்றி நான் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதில் நான் ஒரு பிழை செய்தேன். அதன் விலையை வேறொரு குடும்பம் கொடுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பள்ளி மாணவர் 61 பேருக்கு உதவித்தொகை விண்ணப்பங்களை ஓர் அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அன்று கடைசி நாள். தளத்தைத் திறந்தவுடன் திரை முழுவதும் வெண்மையாகி, 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அன்று' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எச்சரிக்கை தோன்றியது. அஞ்சி, அவ்வலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். "அதையெல்லாம் பார்க்காதீர்கள் ஐயா. கீழே 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு உள்ளே போய்விடுங்கள்" என்றார்கள். போனேன். வேலை முடிந்தது. 61 பிள்ளைகளுக்கும் பணம் வந்தது. அன்று எனக்கு உதவியாக அமர்ந்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மூவருக்கும் அவ்வழியைக் காட்டிக் கொடுத்தேன். "இதெல்லாம் எப்போதும் வருவதுதான், தம்பி. தள்ளிவிட்டுப் போ" என்றேன்.

அம்மூவரில் ஒருவன் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தான். ஒருநாள் அவனுடைய கைப்பேசிக்கு வாட்சப் வழியாக ஒரு செய்தி வந்தது. 'உங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவு முடக்கப்படும். விவரங்களைப் புதுப்பிக்க இச்செயலியை நிறுவுக' என்று அதில் இருந்தது. ஒரு கோப்பும் இணைக்கப்பட்டிருந்தது. அவனுடைய தாயாரின் கணக்கும் அதே கைப்பேசி எண்ணோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. அவன் அக்கோப்பைத் தொட்டவுடன், அறியாத இடத்திலிருந்து வரும் செயலி இது, தீங்கு விளைவிக்கலாம் என்று கைப்பேசி எச்சரித்தது. அவன் தள்ளிவிட்டான். குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்டது. கொடுத்தான். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்களை அச்செயலி அவனறியாமல் திருடர்களுக்கு அனுப்பியது. கூரையை மாற்றி ஓடு வேய்வதற்காக மகளிர் சுய உதவிக் குழுவில் அந்தத் தாய் கடனாகப் பெற்றிருந்த 38,000 ரூபாயும் போயிற்று.

அவன் என்னிடம் வந்து கூறியதை நான் மறக்கவில்லை. "எச்சரிக்கை வந்தது ஐயா. எப்போதும் வருவதுதானே என்று அழுத்திவிட்டேன்" என்றான். என் சொல்லைத்தான் அவன் திருப்பிச் சொன்னான்.

ஊரார் என்ன கூறினர்? "படித்தும் அறிவில்லை" என்றனர். நம் மக்களைப் பற்றி இச்சொல் எத்துணை எளிதாகப் பிறர் வாயில் வருகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அது தவறான தீர்ப்பு என்பதைச் சான்றுகளுடன் காட்ட விரும்புகின்றேன்.

அமெரிக்க நாட்டில் ஆர்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். வங்கி வாடிக்கையாளர்களை அழைத்து, இணைய வழியில் வங்கிப் பணி செய்யச் சொல்லி, இடையே இணைப்பைப் பற்றிய எச்சரிக்கைப் பக்கத்தை வேண்டுமென்றே காட்டினர். அதைக் கண்ட 57 பேரில் 30 பேர் அதைத் தள்ளிவிட்டுத் தம் கடவுச்சொல்லை உள்ளிட்டனர். ஆங்கிலம் வழங்கும் நாட்டில், ஒரு பெரும் பல்கலைக்கழகத்தின் நிழலில் நடந்தது இது. ஆகவே இது படிப்பின்மையால் வரும் குறை அன்று. காரணம் வேறு.

முதற்காரணம் பழக்கம். புகைவண்டிப் பாதையின் அருகே குடியிருப்பவர் காதில் வண்டியின் ஒலி விழுவதில்லை. மீண்டும் மீண்டும் வருவதும் தீங்கு செய்யாததுமான ஒன்றை மூளை ஒதுக்கிவிடுகின்றது. அவ்வாறு ஒதுக்காவிடில் நாம் ஒரு வேலையையும் செய்ய இயலாது. பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு சிலருடன் சேர்ந்து, மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் கருவிக்குள் மனிதரைப் படுக்கவைத்து, கணிப்பொறி எச்சரிக்கைகளை மீண்டும் மீண்டும் காட்டினர். 2015-இல் வெளியான அவ்வாய்வின்படி, ஓர் எச்சரிக்கையை இரண்டாம் முறை கண்ட அளவிலேயே, பார்வைக்குரிய மூளைப் பகுதிகளின் இயக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கண் காண்கின்றது, மூளை 'இதை முன்பே பார்த்தாயிற்று' என்று விட்டுவிடுகின்றது. எச்சரிக்கையின் தோற்றத்தை ஒவ்வொரு முறையும் மாற்றிக் காட்டியபோது கவனம் நெடுநேரம் நின்றது என்பதையும் அவர்கள் கண்டனர். அந்த மாணவன் சோம்பலால் படிக்காமல் விடவில்லை. உடலின் இயல்பு அது.

இரண்டாம் காரணம் பொய் எச்சரிக்கை. 'புலி வருகிறது' என்று விளையாட்டுக்குக் கத்திய இடைச்சிறுவன் கதையை நாம் அனைவரும் அறிவோம். கணிப்பொறியும் அச்சிறுவனைப் போலவே பலமுறை கத்திவிட்டது. எவ்வாறு என்பதைச் சற்று விளக்குகின்றேன். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை வைத்திருக்கும். 'நான் இன்ன தளம், இன்ன நாள்வரை செல்லும்' என்பதைக் காட்டும் அடையாள அட்டை போன்றது அது. நாம் தளத்தைத் திறக்கும்போது உலாவி அவ்வட்டையைச் சரிபார்க்கின்றது. பெயர் பொருந்தவில்லையெனினும், நாள் கடந்துவிட்டதெனினும், வழங்கியவர் நம்பத்தக்கவர் அல்லரெனினும் எச்சரிக்கை எழுப்புகின்றது. நடுவே ஒரு திருடன் அமர்ந்து, வங்கித் தளம்போல் நடிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் நடப்பில் என்ன நேர்கின்றது? தளத்தை நடத்துவோர் சான்றிதழை உரிய நாளில் புதுப்பிக்க மறந்துவிடுகின்றனர். எங்கள் பள்ளியின் பழைய கணிப்பொறி ஒன்றில், உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. அதனால் நல்ல தளங்களைத் திறந்தாலும் எச்சரிக்கையே வந்தது. அவற்றுள் ஒன்றிலேனும் திருடன் இல்லை. பத்து முறை தள்ளிவிட்டும் ஒரு தீங்கும் நேராவிடில், பதினொன்றாம் முறை நிற்பவர் யார்?

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி என்பார் 2009-இல் எழுதிய கட்டுரையில் ஒரு துணிவான கருத்தைக் கூறினார். பாதுகாப்பு அறிவுரைகளை மக்கள் புறக்கணிப்பது அறிவின்மை அன்று. கணக்குப் பார்த்தால் அதுவே நியாயம் என்றார் அவர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் செலவிடும் நேரத்தையும் உழைப்பையும் ஒரு தட்டில் வைத்து, என்றோ சிலருக்கு நேரும் இழப்பை மறுதட்டில் வைத்தால், அறிவுரையின் சுமையே கனக்கின்றது என்பது அவரது வாதம்.

மூன்றாம் காரணம் அவசரம். கணிப்பொறியின் முன் எவரும் பாதுகாப்பைத் தேடி அமர்வதில்லை. மதிப்பெண் பட்டியலை அனுப்பவும், பணம் செலுத்தவும், விண்ணப்பம் நிரப்பவும் அமர்கின்றோம். அவ்வேலையின் நடுவே எச்சரிக்கை குறுக்கிடுகின்றது. அதே பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார், கூகுள் நிறுவனப் பொறியாளருடன் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பக்கத்தை மூடச் செல்லும் வேளையில் வந்த பாதுகாப்புச் செய்தியை 100-க்கு 74 பேர் புறக்கணித்தனர். காணொளி பார்க்கும்போது வந்ததை 79 பேர் புறக்கணித்தனர். ஓர் எண்ணை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றும்போது வந்ததை 87 பேர் புறக்கணித்தனர். கடைசி நாள் மாலையில் 61 விண்ணப்பங்களுடன் அமர்ந்திருந்த நான் எவ்வாறு நின்று படிப்பேன்? 'இன்றிரவு கணக்கு முடக்கப்படும்' என்று திருடன் ஏன் எழுதினான் என்பதும் இதனால் விளங்கும். அவசரம் மனிதனைக் குருடாக்கும் என்பதை அவனும் அறிவான்.

நான்காம் காரணம் மொழி. இங்கு என் குடும்பக் கதை ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகின்றேன். என் பாட்டனார் 80 ரூபாய் கடன் வாங்கி, ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். தாளில் எழுதியிருந்தது 300 ரூபாய். அரை ஏக்கர் நிலம் போயிற்று. "படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாமே" என்று சிறுவயதில் என் தந்தையாரைக் கேட்டேன். "கேட்டிருந்தால் கடன் கிடைத்திருக்காது. அன்று உன் அத்தைக்குக் காய்ச்சல்" என்றார். அவசரம் இருந்தது. தாளின் மொழி அவருக்கு எட்டவில்லை. மறுத்தால் காரியம் நடவாது. ஆகவே கட்டைவிரலை வைத்தார்.

இன்று நாமும் அதே கட்டைவிரலைத்தான் திரையில் வைக்கின்றோம். 'சர்டிபிகேட்', 'என்கிரிப்ஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கை நம் தாய்மார்களுக்கு எவ்வாறு விளங்கும்? ஆங்கிலம் அறிந்தவர்க்கே அது விளங்குவதில்லை. குரோம் உலாவியின் எச்சரிக்கையைக் கூகுள் பொறியாளர்கள் எளிய சொற்களில் திருத்தி எழுதி, 2015-இல் அதன் பயனை வெளியிட்டனர். சொற்களை எத்துணை எளிமையாக்கியும் பெரும்பாலோருக்கு ஆபத்து இன்னதென்று புரியவில்லை. ஆயினும், 'பாதுகாப்பாகத் திரும்பிச் செல்' என்னும் பொத்தானைப் பெரிதாக்கி, மேலே செல்லும் வழியை உள்ளே மறைத்து வைத்தபோது, 100-க்கு ஏறத்தாழ 30 பேர் கூடுதலாகத் திரும்பிச் சென்றனர். செய்பவர் மனம் வைத்தால் மக்களைக் காக்கும் வகையில் செய்ய இயலும் என்பதற்கு இது சான்று.

இத்துடன் மற்றொரு சான்றையும் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டுகின்றேன். 2013-இல் அகாவே, ஃபெல்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், குரோம், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளில் மக்கள் கண்ட 2 கோடியே 50 லட்சத்திற்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தனர். குரோமில் சான்றிதழ் எச்சரிக்கையை 100-க்கு 70 முறை மக்கள் தள்ளிவிட்டிருந்தனர். ஆனால் நச்சு நிரல் பற்றியும் போலித் தளம் பற்றியும் வந்த எச்சரிக்கைகளை இரு உலாவிகளிலும் 100-க்கு 25 முறைக்கும் குறைவாகவே தள்ளிவிட்டனர். பெரும்பாலும் பொய்யாகும் எச்சரிக்கையை மதியாத அதே மக்கள், பெரும்பாலும் மெய்யாகும் எச்சரிக்கையை மதித்து நின்றனர். மக்கள் செவிடர் அல்லர். எந்த நாய் குரைக்கும், எந்த நாய் கடிக்கும் என்பதை அனுபவத்தால் கற்றுக்கொள்கின்றனர்.

ஆகவே, நான் கூற வந்தது இதுதான். எச்சரிக்கையைத் தள்ளிவிடுவது நாம் கற்றுக்கொண்ட பாடம். எதற்கெடுத்தாலும் கத்தும் பொறியைச் செய்தவர்களும், சான்றிதழைப் புதுப்பிக்காமல் 'தள்ளிவிட்டு வாருங்கள்' என்று சொல்லும் அலுவலகங்களும், என்போன்ற ஆசிரியர்களும் சேர்ந்து கற்பித்த பாடம் அது. ஆனால் இழப்பு கற்பித்தவர் தலையில் விழுவதில்லை. கூரை மாற்றக் கடன் வாங்கிய தாயின் தலையில் விழுகின்றது. செல்வர் 38,000 ரூபாய் இழந்தால் ஒரு மாதம் வருந்துவர். நம் வீட்டில் இழந்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். கற்ற பாடத்தை மாற்றிக் கற்கவும் இயலும் என்ற நம்பிக்கையுடன், இளைஞர்களாகிய உங்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, எல்லா எச்சரிக்கையையும் படிக்க எவராலும் இயலாது. ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'இவ்வேலையைத் தொடங்கியவர் யார்? நானா, வேறொருவரா?' பிறர் அனுப்பிய செய்தியாலோ, பிறர் செய்த தொலைபேசி அழைப்பாலோ தொடங்கிய வேலையின் நடுவே எச்சரிக்கை வந்தால், அங்கேயே நில்லுங்கள். அவ்வேளையில் வருவது பெரும்பாலும் மெய் எச்சரிக்கையே.

இரண்டாவது, வாட்சப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு எதையும் நிறுவாதீர்கள். திருமண அழைப்பிதழ் என்றாலும், வங்கி என்றாலும், அரசு உதவி என்றாலும் வேண்டாம். குறுஞ்செய்திகளைப் படிக்கவும் திரையைப் பகிரவும் இசைவு கேட்டால் கொடுக்க வேண்டாம். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை. அவ்வெண்ணைக் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகின்றது என்று பொருள்.

மூன்றாவது, சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் முதலில் கணிப்பொறியின் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால், கடவுச்சொல்லோ பணமோ கேட்கும் தளத்தினுள் நுழைய வேண்டாம். 'தள்ளிவிட்டு வாருங்கள்' என்று ஓர் அலுவலகம் கூறினால், அதைத் திருத்தும்படி நம் கழகத்தின் பெயரால் எழுத்து மூலம் விண்ணப்பம் செய்வோம். சாலைக்கும் குடிநீருக்கும் விண்ணப்பம் எழுதிப் பழகிய கழகம் இது. இதற்கும் எழுதலாம். கடைசி நாளையும் நீட்டித்துக் கேட்கலாம்.

நான்காவது, கைப்பேசியும் கணிப்பொறியும் தம்மைப் புதுப்பிக்கக் கேட்பதை ஒத்திப்போடாதீர்கள். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் பறிக்க முயன்றது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் பணியும் நின்றது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஏற்றாமல் விட்டவையே பெரிதும் பாதிக்கப்பட்டன. ஆனால் புதுப்பித்தலைக் கருவியின் அமைப்புப் பகுதிக்குச் சென்றே செய்யுங்கள். இணையப் பக்கத்தில் திடீரெனத் தோன்றி, 'உங்கள் கணிப்பொறியில் வைரசு. இவ்வெண்ணை அழையுங்கள்' என்பது திருடன் செய்த போலி எச்சரிக்கை.

ஐந்தாவது, வீட்டிலுள்ள முதியோரின் கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். மாலைப் படிப்பகத்தில் வாரம் ஒரு நாள், அவர்களுடைய கைப்பேசியில் வந்தவற்றை வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது விரல் தானே நின்றுவிடும். என் பாட்டனாருக்கு அன்று வேண்டியிருந்தது பணத்தைவிடவும் அந்தத் தாளைப் படித்துச் சொல்லும் ஒரு பிள்ளைதான்.

ஆறாவதாகவும் முடிவாகவும் ஒன்று. இழப்பு நேர்ந்துவிட்டால் மறைக்காதீர்கள். உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். விரைந்து தெரிவித்தால், பணம் வேறு கணக்குகளுக்குப் போகுமுன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அந்த மாணவன் வெட்கத்தால் இரண்டு நாள் எவரிடமும் கூறவில்லை. 'படித்தும் அறிவில்லை' என்பார்களே என்று அஞ்சினான். ஊரின் அச்சொல்தான் அவனை அந்த இரண்டு நாளும் வாய்மூட வைத்தது. அதற்குள் பணம் கைமாறிப் போயிற்று, திரும்பவில்லை. அந்தத் தாய் கூலி வேலை செய்து, தவணை தவறாமல் குழுக் கடனை அடைத்தார். கூரை இன்னும் மாற்றப்படவில்லை.

ஆகவே, ஏமாந்து வருபவரைப் பார்த்து அச்சொல்லை நம்மில் எவரும் கூறுவதில்லை என்று இவ்விழா மேடையில் நாம் உறுதிகொள்வோம். நானும் ஓர் உறுதி கொண்டுள்ளேன். 'இதெல்லாம் எப்போதும் வருவதுதான்' என்று இனி எந்த மாணவனிடமும் சொல்ல மாட்டேன். எச்சரிக்கை வந்தால் அவனுடன் அமர்ந்து படிப்பேன். புரியாவிடில், புரியவில்லை என்று அவனிடமே ஒப்புக்கொள்வேன்.